குரலுக்கு நிறம் பார்த்த வாரியம்

வாத்து மேய்க்கும் இளவரசியைப் பற்றிய அந்தக் கார்ட்டூன் படத்தைப் பார்க்காமல் அந்த நகரத்தில் யாரும் வளர்ந்ததில்லை. பல் முளைக்கிற குழந்தைக்கும் அதைத்தான் போட்டுக் காட்டுவார்கள். பல் பிடுங்குகிற மருத்துவமனையிலும் அதுதான் ஓடும். படத்தில் இளவரசி பால் நிறம். அவள் அப்பா பால் நிறம். தோட்டக்காரன், சமையல்காரன், குதிரைக்காரன், குதிரை எல்லாமே பால் நிறம். கறுப்பாக வருவது மூன்றே மூன்று: திருட்டு மந்திரி, அவனுடைய நிழல், அவன் வளர்க்கும் வௌவால்.

படத்தை எடுத்த நிறுவனத்தின் கண்ணில் இது முப்பது வருடத்துக்கு மேல் படவில்லை. ஒருநாள் திடீரென்று பட்டது. உடனே பிரதிநிதித்துவ மேம்பாட்டு வாரியம் என்று ஒன்றை அமைத்தார்கள். அதற்கு ஒரு தலைவர் அம்மா, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த ஒரு குரல் நிபுணர், உணர்வுப் பாதுகாப்பு அதிகாரி என்று ஓர் இளம்பெண், இன்னும் பத்துப் பதினைந்து உறுப்பினர்கள், கட்டடத்தில் ஒரு முழு மாடி. உறுப்பினர்கள் எல்லாரும் பார்வைக்கு அந்த இளவரசியின் சித்தப்பா பெரியப்பா வீட்டு ஆட்கள் போலவே இருந்தார்கள். அதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

வாரியத்தின் முதல் வேலை இளவரசிக்குப் புது நிறம் பார்ப்பது. நிற அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டி, அவற்றின் முன்னால் பல மாதம் உட்கார்ந்திருந்தார்கள்.

“கறுப்பு என்றால் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை,” என்றார் தலைவர் அம்மா. “பார்ப்பவர் மனதில் ஒரு கறுமை தோன்றினால் போதும்.”

பொம்மை விற்பனைப் பிரிவினரும் கலந்துகொண்ட கடைசிக் கூட்டத்தில், பால் தூக்கலாகப் போட்ட தேநீரின் நிறம் முடிவானது. வௌவாலுக்கு வெள்ளையடித்தார்கள். மந்திரியை என்ன செய்வது என்பதில் ஒத்த கருத்து வராததால் அவனுக்கு முகமூடி மாட்டிவிட்டார்கள். அடுத்தது குரல். பழைய இளவரசியின் குரலை எடுத்துவிட்டு, ‘உண்மையான கறுப்புக் குரல்’ ஒன்றைப் பதிவு செய்யப்போவதாக அறிவிப்பு வந்தது.

அந்த அறிவிப்பைத் தொலைபேசியில் பார்த்துச் சத்தமாகப் படித்தவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு பஸ் ஓட்டுநர். எதிரில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. ஒலிப்பதிவுக் கூடங்களில் அவருக்குக் குரல்காரம்மா என்று பெயர்.

“கறுப்பா இருக்கணுமாம். குரல்ல அனுபவம் இருக்கணுமாம். அந்தப் படத்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கணுமாம்,” என்றார் ஓட்டுநர். “ஏம்மா, உன்னைப் பக்கத்துல உக்கார வெச்சு எழுதின மாதிரி இல்ல?”

“வயசு கேட்டிருக்காங்களா?”

“கேக்கல. கார்ட்டூனுக்கு ஏது வயசு?”

“பேரு போடுவாங்களான்னு பாருங்க.”

அவர் விரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தார். “போடுவாங்களாம். படம் ஆரம்பிக்கிறப்பவே, தனியா, பெருசா.”

குரல்காரம்மா மடித்து வைத்த சட்டையை உதறி மறுபடி மடித்தார்.

காரணம் இருந்தது. பழைய படத்தில் இளவரசிக்குக் குரல் கொடுத்தவரே அவர்தான். அப்போது அவருக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. படம் வெளியான அன்று, இளவரசியின் குரல் இவர்தான் என்று சொல்லி, சோப்பு விளம்பரத்தில் நடித்துக்கொண்டிருந்த பால் நிறப் பெண் ஒருத்தியை நிறுவனம் மேடையில் நிறுத்தியது. அந்தப் பெண் வாயை அசைத்தாள். திரைக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து பேசியவர் குரல்காரம்மா. படத்தின் பெயர்ப் பட்டியலில் அந்தப் பெண் பெயரும் இல்லை, இவர் பெயரும் இல்லை. ‘மற்றும் பலர்’ என்று முடித்திருந்தார்கள். கல்யாணமான புதிதில் இதைக் கேள்விப்பட்ட ஓட்டுநர், கோபம் வந்தால் அவரை “மற்றும் பலர்” என்று கூப்பிடத் தொடங்கினார். பிறகு கொஞ்சும்போதும் அதுவே நிலைத்துவிட்டது. அதற்குப் பிறகு குரல்காரம்மா லிப்டுக்குக் குரல் கொடுத்தார், இருமல் மருந்துக்குக் கொடுத்தார், அழுகிற குழந்தைகளுக்கெல்லாம் கொடுத்தார். நகரத்தில் யாராவது தப்பான எண்ணை அழைத்தால், எண் தவறு என்று தொலைபேசியில் சொன்னதும் அவர்தான்.

குரல் தேர்வுக்குக் கைப்பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் போனார். ஒலிப்பதிவாளர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். பழைய படத்தின்போது ஒயர் சுற்றிக்கொண்டிருந்த உதவியாளர் அவர். “அக்கா!” என்று வாயெடுத்தவரைக் குரல்காரம்மா கையமர்த்தினார். சிபாரிசில் கிடைத்ததாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாரியம் உட்கார்ந்திருந்தது. இந்தப் பக்கம் குரல்காரம்மா மைக்கின் முன் நின்று, இளவரசி வாத்துகளைக் கூப்பிடும் வசனத்தைச் சொன்னார்.

“வாங்க என் செல்லங்களா! வாய்க்கால்ல தண்ணி வந்திருச்சு!”

அறையிலிருந்த வயதானவர்கள் இரண்டு பேருக்குச் சிலிர்த்தது. வாரியத்துக்குச் சிலிர்க்கவில்லை. நிபுணர் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

“நல்ல குரல்தாம்மா. ஆனா கொஞ்சம் வெளுப்பா இருக்கு.”

“எது?”

“குரல். கண்ணை மூடிட்டுக் கேட்டா நீங்க கறுப்புன்னே தெரியல.”

“கண்ணைத் திறந்து பாருங்க சார், தெரியும்.”

“தெரியுது. அதுதான் சிக்கல். கண்ணும் காதும் ஒத்துப்போக மாட்டேங்குது.” அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். பழைய படத்தின் அதே வசனம் அறை முழுக்கக் கேட்டது. “இது பழைய இளவரசி. எவ்வளவு வெளுப்பு, பாத்தீங்களா? இந்தக் குரல் உங்க தொண்டைக்குள்ள புகுந்து உக்காந்திருக்கு. அந்தக் காலத்துல இந்தப் படத்தை நிறைய பாத்திருப்பீங்க.”

“பாத்திருக்கேன் சார்.”

“பாவம்,” என்று உணர்வுப் பாதுகாப்பு அதிகாரி இந்தப் பக்கம் வந்து ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை நீட்டினாள். குரல்காரம்மா அதை வாங்கி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஆனாலும் வாரியம் அவரைக் கைவிடவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் புகைப்படத்தில் நன்றாகக் கறுப்பாக விழுந்தவர் அவர்தான். எனவே, அவருடைய சொந்தக் குரலை அவருக்கு மீட்டுத் தருவதற்காகப் பயிற்சி ஏற்பாடானது. நிபுணரே பயிற்சி கொடுத்தார். கறுப்பாக எப்படிப் பேச வேண்டும் என்று மூன்று வாரம் அவர் பேசிக்காட்ட, குரல்காரம்மா கேட்டுக்கொண்டார்.

“வாத்தைக் கூப்பிடுறப்ப அதுல ஒரு வலி வரணும்மா.”

“வாத்துக்கு என்ன சார் வலி? தண்ணி வந்திருக்கு, குளிக்கக் கூப்பிடுறா.”

“தண்ணி ஏன் இத்தனை நாளா வரல? அதை நினைச்சுக்கோங்க.”

குரல்காரம்மா போன மாதம் பிடுங்கிய கடைவாய்ப் பல்லை நினைத்துக்கொண்டு கூப்பிட்டார். நிபுணர் கண்ணை மூடித் தலையை ஆட்டினார்.

“வலி இருக்கு. ஆனா இது உங்க சொந்த வலி. எங்களுக்குப் பொது வலி வேணும்.”

வீட்டில் குளியலறையில் பயிற்சி செய்தார். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டி, அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கிறது, மருத்துவமனைக்குப் போக வண்டி வேண்டுமா என்று ஓட்டுநரிடம் விசாரித்தார்.

“எதுக்கும்மா இந்தப் பாடு? நான்தாண்டா அந்த இளவரசின்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா,” என்றார் ஓட்டுநர்.

“சொன்னா பழைய ஆளுன்னு ஒதுக்கிடுவாங்க. இந்த ஒரு தடவை பேரு வந்துரட்டுங்க. அப்புறம் பாக்கலாம்.”

அவர் சொல்லவில்லை. ஒலிப்பதிவாளர்தான் தாங்க முடியாமல் போட்டு உடைத்தார். ஒருநாள் நிபுணர், பழைய இளவரசியைப் போலப் பேசவே கூடாது என்று குரல்காரம்மாவிடம் கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தபோது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வந்து நின்றார்.

“சார், அக்கா பழைய இளவரசி மாதிரி பேசல. பழைய இளவரசிதான் அக்கா மாதிரி பேசுது. ரெண்டும் ஒரே ஆளு சார். நான் பக்கத்துல இருந்தேன்.”

வாரியம் அன்றே அவசரமாகக் கூடியது. குரல்காரம்மாவை நீள மேசையின் கோடியில் உட்கார வைத்தார்கள். பிஸ்கட் வந்தது. தலைவர் அம்மா எழுந்து நின்று பேசினார்.

“இன்று நம் மனசாட்சி உறைந்துபோயிருக்கிறது. ஒரு கறுப்புப் பெண்ணின் குரலை இத்தனை வருடமாக ஒரு வெள்ளை இளவரசி உடுத்திக்கொண்டு திரிந்திருக்கிறாள். நம் நிறுவனத்தின் கூரைக்குக் கீழேயே நடந்த அநீதி இது. அம்மா, நீங்கள் பாதிக்கப்பட்டவர். அதை நீங்கள் உணராமல் இருப்பதே பாதிப்பின் ஆழத்தைக் காட்டுகிறது.”

உறுப்பினர்கள் எழுந்து நின்றார்கள். குரல்காரம்மாவும் வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்கிவிட்டு எழுந்தார்.

“அப்ப, இந்தத் தடவை என் பேரைப் போட்டு நானே பேசிடறேம்மா. சரியாப் போயிரும்.”

தலைவர் அம்மா வேதனையோடு சிரித்தார். “அது எப்படி முடியும்? எந்தப் பாத்திரம் உங்களைக் காயப்படுத்தியதோ அதையே மறுபடி உங்களைச் செய்யச் சொல்வதா? அப்படி ஒரு கொடுமையை இந்த வாரியம் செய்யாது. உங்களைப் பாதுகாப்பதற்காக உங்களை இந்த வேலையிலிருந்து விடுவிக்கிறோம்.”

“சரிம்மா. பழைய படத்துலயாவது பேரைச் சேத்துடுங்க.”

“பழைய படத்தில் உங்கள் பெயரைச் சேர்த்தால், அந்தப் படத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடுமே!”

“நான்தாம்மா அதுல பேசியிருக்கேன்.”

“பார்த்தீர்களா,” என்று தலைவர் அம்மா உறுப்பினர்கள் பக்கம் திரும்பினார், “இன்னும் அதிலிருந்து மீளவில்லை.” உணர்வுப் பாதுகாப்பு அதிகாரி ஒரு கைக்குட்டைப் பெட்டியையே கொண்டுவந்து வைத்தாள்.

புது இளவரசியின் குரலாகப் பிரபல நட்சத்திர நடிகை ஒருத்தியை அறிவித்தார்கள். அவளும் பால் நிறம். கேட்ட பத்திரிகைக்காரர்களிடம் தலைவர் அம்மா, “நிறம் தோலில் இல்லை, அக்கறையில் இருக்கிறது,” என்றார். நடிகைக்கு அக்கறை இருப்பதாக வாரியமே சான்றிதழ் கொடுத்திருந்தது.

“தோல்ல இல்லன்னா இத்தனை மாசம் சுவத்துல எதுக்கு அட்டை ஒட்டிப் பாத்தாங்க?” என்றார் ஓட்டுநர், செய்தியைப் பார்த்துவிட்டு. குரல்காரம்மா அன்று சீக்கிரமே படுத்துவிட்டார்.

ஆனால் வாரியத்துக்கு அவர் தேவைப்பட்டார். நடிகை அனுபவத்தை உள்வாங்க வேண்டும். வாரியத்துக்குத் தெரிந்த அனுபவசாலி அவர் ஒருவர்தான். கூப்பிட்டார்கள், போனார். நடிகை காலை மடித்து சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கெட்ட பெண் இல்லை. இவரைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்தாள்.

“உங்க கஷ்டத்தையெல்லாம் சொல்லுங்கம்மா. மத்தியானம் வரைக்கும் ஃப்ரீதான்.”

குரல்காரம்மாவுக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியவில்லை. மேடையில் அந்தச் சோப்பு விளம்பரப் பெண் நின்றதை, தான் திரைக்குப் பின்னால் பேசியதைச் சொன்னார்.

நடிகை நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எல்லாரும் அந்தப் பொண்ணுக்கா கை தட்டினாங்க?”

“ஆமா.”

“நீங்க என்ன பண்ணீங்க?”

“மைக்கைக் கீழ வெச்சுட்டு நானும் தட்டினேன்.”

நடிகை தன் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அம்மா, தப்பா நினைக்காதீங்க. இதை நான் பேட்டியில யூஸ் பண்ணிக்கலாமா?”

அவள் பயன்படுத்திக்கொண்டாள். பேட்டியில் ‘எனக்குத் தெரிந்த ஒரு பெண்’ என்று வந்தது.

சிறப்புக் காட்சிக்கு நகரத்துப் பள்ளிக் குழந்தைகளைப் பேருந்துகளில் அழைத்து வந்திருந்தார்கள். குரல்காரம்மாவுக்கும் ஓர் அழைப்பு வந்தது. ஓட்டுநருக்கு அனுமதி இல்லை. அவர் வெளிக்கூடத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டார். வாசலில் குரல்காரம்மாவின் புடவையில் ஓர் அட்டையைக் குத்தினார்கள். ‘பாதிக்கப்பட்டவர்’ என்று அச்சிட்டிருந்தது. அவரைத் தாண்டிப் போன நடிகையின் அட்டையில் ‘பிரதிநிதி’ என்று இருந்தது.

அவருக்குக் கொடுத்த இருக்கை கடைசி வரிசையில், ஒலிப்பதிவாளர் உட்கார்ந்திருந்த சின்ன அறையின் ஜன்னலை ஒட்டி இருந்தது. முதலில் வாரியத்தின் எச்சரிக்கை திரையில் ஓடியது. இந்தப் படத்தில் அரசர், மந்திரி, வாத்து ஆகியோர் வருகிறார்கள் என்றும், இவர்களால் யாருக்கும் மனம் புண்பட்டால் அது கடந்த காலத்தின் தவறு என்றும் அது சொல்லிக்கொண்டே போனது. அதைப் படித்து முடிப்பதற்குள் முன்வரிசைக் குழந்தைகள் கையிலிருந்த பாப்கார்னைத் தின்று முடித்து, ஒருவர் மேல் ஒருவர் ஏறத் தொடங்கியிருந்தார்கள். படம் ஆரம்பித்ததும் அடங்கினார்கள். நடிகை பொது வலியோடு வாத்துகளைக் கூப்பிட்டாள். ஒரு குழந்தை பயந்து அழுதது.

பிறகு அந்தக் கட்டம் வந்தது. முகமூடி போட்ட மந்திரி குளத்தங்கரையில் வழுக்கி, தலைகீழாகச் சேற்றில் விழுகிறான். இளவரசி சிரிக்கிறாள். அடக்கப் பார்த்து, முடியாமல், மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வந்து, பிறகு உடைந்துகொண்டு வரும் சிரிப்பு. அரங்கம் முழுவதும் கூடச் சிரித்தது. குரல்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“இது…”

“மன்னிச்சிருங்கக்கா,” ஒலிப்பதிவாளர் ஜன்னல் வழியாகக் கிசுகிசுத்தார். “அந்தப் பொண்ணுக்குச் சிரிக்க வரல. எத்தனையோ தடவை எடுத்துப் பாத்தாச்சு, இருமுற மாதிரியே இருந்துச்சு. ராத்திரி பழைய டேப்பைத் தேடி எடுத்து உங்க சிரிப்பை ஒட்டிட்டேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

படம் முடிந்தது. வாரியம் மேடை ஏறியது. தலைவர் அம்மாவின் குரல் தழுதழுத்தது.

“அந்தச் சிரிப்பு! அதைக் கேட்டபோது இந்த வாரியம் பிறந்த பயனை அடைந்துவிட்டது. பழைய படத்தில் அந்த இடத்தில் ஒலித்த சிரிப்பு உங்களுக்கு நினைவிருக்கலாம். வெறுமையான, ஆணவமான சிரிப்பு. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும்.”

ஒலிப்பதிவாளருக்கு வேறு வழியில்லை. பழைய சிரிப்பைப் போட்டார். உறுப்பினர்கள் முகம் சுளித்தார்கள். அடுத்து புதிய சிரிப்பைப் போட்டார். உறுப்பினர்கள் கண்ணை மூடினார்கள்.

நிபுணர் மைக்கை வாங்கினார். “வித்தியாசத்தைக் கவனிச்சிருப்பீங்க. முதல் சிரிப்பு தொண்டையோட நின்னுடுது. அனுபவம் இல்லாத சிரிப்பு. ரெண்டாவது அடிவயித்துல இருந்து வருது. பல தலைமுறை அடக்கி வெச்சது. இதை ஒரு வெள்ளைக் குரல் சிரிச்சிருக்கவே முடியாது.”

நடிகை மேடையில் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தன் சிரிப்பு எதுவென்று தெரியும். அரங்கம் எழுந்து நின்று கை தட்டியது.

குரல்காரம்மா அடக்கித்தான் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்து அழுத்தினார். அட்டை குத்தியிருந்த இடத்தில் தோள் குலுங்கியது. மூக்கால் ஒரு சின்னச் சத்தம் வந்தது. பிறகு உடைந்தது.

கைதட்டல் நின்றபோதும் அவர் சிரிப்பு நிற்கவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை திரும்பியது. அப்புறம் ஒரு வரிசை திரும்பியது. அப்புறம் எல்லாக் குழந்தைகளும் நாற்காலிகளில் முட்டி போட்டுப் பின்பக்கம் பார்த்தார்கள்.

“அங்க பாருடா, இளவரசி!”

உணர்வுப் பாதுகாப்பு அதிகாரி நடைபாதையில் ஓடி வந்தாள். “அம்மா, ப்ளீஸ். உங்க சிரிப்பு இங்க இருக்கிறவங்களைப் புண்படுத்துது.”

“தெரியும்மா,” என்றார் குரல்காரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. “நான் போயிடறேன்.” அட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

குழந்தைகளும் எழுந்து போனார்கள். ஆசிரியைகள் தடுத்துப் பார்த்தார்கள். பிறகு அவர்களும் பின்னால் போனார்கள். மறுநாள் வாரியம் விட்ட அறிக்கையில், ‘சிறுவர்கள் உணர்ச்சிப்பெருக்கால் அரங்கை விட்டு அமைதியாக வெளியேறினர்’ என்று இருந்தது. அவர்கள் வெளியேறிய நேரத்தில் மேடையில் தலைவர் அம்மா காலி நாற்காலிகளைப் பார்த்துத் தன் உரையின் எஞ்சிய ஆறு பக்கங்களையும் வாசித்துக்கொண்டிருந்தார் என்பது அதில் இல்லை.

வெளிக்கூடத்தில் ஓட்டுநர் தூக்கக் கலக்கத்தில் எழுந்து நின்றார். மனைவியைச் சுற்றி இத்தனை குழந்தைகள் ஏன் நிற்கிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

“வாத்தைக் கூப்பிடுங்க! வாத்தைக் கூப்பிடுங்க!”

குரல்காரம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“வாங்க என் செல்லங்களா! வாய்க்கால்ல தண்ணி வந்திருச்சு!”

கூடத்தின் கண்ணாடிச் சுவர்கள் அதிரும்படி நூறு வாத்துகள் பதில் சொன்னன. ஓட்டுநரும் சொன்னார். அவருக்குச் சுமாராகத்தான் வந்தது.

முன்னால் நின்றிருந்த ஒரு சிறுமி குரல்காரம்மாவின் முந்தானையை இழுத்தாள். நல்ல கறுப்பு, முன்பல் இரண்டும் இல்லை.

“நீங்கதான் நிஜமா இளவரசியா?”

“குரல் மட்டும்தாண்டா கண்ணு.”

“உங்க பேரு என்ன?”

குரல்காரம்மா குனிந்து தன் பெயரைச் சொன்னார். சிறுமிக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு முறை, எல்லாருக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னார்.